‘சும்மா பழகலாம்’ என்றது காதலாகிவிட்டால்: பேசாமல் விடுவதா, விலகுவதா, சொல்வதா, சேர்ந்து குடியேறுவதா?

‘சும்மா பழகலாம், சீரியஸ் எல்லாம் வேணாம்’ என்று இருவரும் பேசிவைத்துத் தொடங்கிய உறவு திசை மாறுவது முதலில் போனில்தான் தெரியும். இரவு பதினொரு மணிக்கு ‘ஃப்ரீயா?’ என்று வந்துகொண்டிருந்த செய்தி, மதியம் ஒன்றரைக்கு ‘சாப்டியா?’ என்று வர ஆரம்பிக்கும். பிறகு அறையில் ஒரு சார்ஜர் நிரந்தரமாகத் தங்கிவிடும். பாத்ரூம் குவளையில் இரண்டாவது டூத்பிரஷ் வரும். ‘ஆபீஸ் ராஜ்’ என்று பொய்ப் பெயரில் சேமித்திருந்த எண்ணுக்கு ஒருநாள் உண்மைப் பெயர் கிடைக்கும். ஞாயிறு விடிந்ததும் கிளம்பிப் போய்விடுகிறவர், தோசை மாவு இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நெருக்கம் அப்படித்தான் வளரும். உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர், போகப்போக அந்தரங்கமாகிக்கொண்டே செல்லும் 36 கேள்விகளை முக்கால் மணி நேரம் மாறி மாறிக் கேட்டுப் பதில் சொன்னார்கள். வெறும் அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்களிடம் நெருக்கம் கூடுதலாக வந்தது. விளக்கை அணைத்த பிறகு அப்பாவைப் பற்றியும் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு கிடக்கிற இரண்டு பேர், அதே பரிசோதனையை வாரத்துக்கு இரண்டு முறை தங்கள் மேலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் மனசு மாறாமல் இருந்தால்தான் வியப்பு.

இங்கே ஒப்பிடுவது, வயது வந்த, மணமாகாத, வற்புறுத்தல் இல்லாமல் பழகும் இருவருக்கு முன்னால் இருக்கிற வழிகளை. இருவரில் ஒருவர் மணமானவர் என்றால் கணக்கே வேறு. அங்கே முதலில் தீர்க்க வேண்டியது பழைய திருமணத்தை.

முதலில், வந்திருப்பது காதலா பழக்கமா

உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-இல் காதலை மூன்று பாகமாகப் பிரித்தார்: நெருக்கம், வேட்கை, பொறுப்பேற்பு. சும்மா பழகும் உறவு வேட்கையோடு தொடங்குகிறது. நெருக்கம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. மூன்றாவது மட்டும் தானாக வருவதில்லை. யாராவது ஒருவர் வாய் திறந்துதான் அது வரும். ஆகவே ‘எனக்கு என்ன தோன்றுகிறது’ என்பதோடு ‘நான் எதற்குப் பொறுப்பேற்கத் தயார்’ என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு வாரம் போதும். அந்த நாட்களில் மூன்றைக் கவனியுங்கள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ வந்தால் முதலில் சொல்லத் தோன்றுவது அவரிடமா? அவருக்குக் காய்ச்சல் என்றால், குணமானதும் பார்க்கலாம் என்று தோன்றுகிறதா, கஞ்சி வாங்கிக்கொண்டு போகத் தோன்றுகிறதா? படுக்கை இல்லாத ஒரு மாலை, ஒரு நடை, ஒரு காபி, அது குறையாகத் தெரிகிறதா, நிறைவாகவா? அவர் இன்னொருவரைப் பார்க்கிறார் என்று நினைத்தால் வயிறு எரிவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பொறாமை, காதல் இல்லாத இடத்திலும் வரும். கஞ்சிக் கேள்விக்கு வரும் பதில்தான் நம்பகமானது.

பேசாமல் அப்படியே ஓட்டுவது

பெரும்பாலோர் போவது இந்த வழியில்தான், அதுவும் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலே. பயம் புரிகிறது. கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்று கை நடுங்கும். கேட்காதவரை சனிக்கிழமை இரவாவது மிச்சம். வெளிப்பார்வைக்குச் செலவே இல்லாத வழி.

உண்மையில் எல்லா வழிகளிலும் அதிகம் செலவு வைப்பது இதுதான். ஒருவர் காதலிப்பவருக்குரிய அக்கறையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். மற்றவர் பழைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறார். அவர் வேறு யாரையாவது சந்தித்தால் கேட்க உரிமை இல்லை. பிறந்தநாளுக்கு வராவிட்டால் கோபப்பட முடியாது. கோபம் வரத்தான் செய்யும். சொல்ல முடியாத கோபம் ப்ளூ டிக் பார்த்து முகம் தூக்குவதாக, தாமதமாகப் பதில் போட்டுப் பழிவாங்குவதாக வெளியே வரும். எதிரில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது. ‘இவங்க ஏன் திடீர்னு இப்படி ஆயிட்டாங்க’ என்று அவர் விலகுவார். கேட்டால் போய்விடும் என்று பயந்தவர்களில் பலர், கேட்காததால்தான் இழக்கிறார்கள்.

காலமும் எதிராக வேலை செய்கிறது. கேரில் ரஸ்பல்ட் என்ற உளவியலாளர் 1980-இல் முன்வைத்த முதலீட்டு மாதிரி இதை விளக்கும். ஓர் உறவில் நாம் தங்குவது அது தரும் நிறைவால் மட்டும் அல்ல. அதில் போட்ட நேரம், பகிர்ந்த ரகசியம், சேர்ந்துபோன நண்பர்கள், வேறு வழி உண்டா இல்லையா என்ற நம் கணிப்பு எல்லாம் சேர்ந்துதான் பிடித்து நிறுத்துகின்றன. நான்காம் மாதத்தில் விலக ஒரு வாரம் அழுதால் போதும் என்றிருந்தது, பத்தாம் மாதத்தில் அப்படி இருக்காது, இடையில் எதிர்த்தரப்பு எதையுமே தராமல் இருந்திருந்தாலும்.

நம் அகமரபுக்கு இது தெரிந்த விஷயம். ஊருக்குத் தெரியாத களவுக் காதல், ஊரறிந்த கற்பாக, அதாவது மணவாழ்வாக ஆக வேண்டும். அகப்பொருள் இலக்கண நூலான இறையனார் களவியல், களவுக்கு இரண்டு மாதம்தான் எல்லை வைக்கிறது. களவு நீளும்போது ‘எப்போது மணம் முடிக்கப் போகிறாய்’ என்று தோழி தலைவனை நெருக்குவதற்கு வரைவு கடாதல் என்று தனிப் பெயரே உண்டு. இன்று நமக்காகப் பேச அந்தத் தோழி வரமாட்டாள். நாமேதான் கேட்க வேண்டும்.

பேசாமல் இருப்பது சரியாக அமையும் நிலைமைகளும் உண்டு. பழகி ஆறு வாரம்கூட ஆகவில்லை என்றாலோ, அவர் வீட்டில் சாவு, வேலை இழப்பு, இறுதித் தேர்வு என்று எதிலாவது மூழ்கியிருந்தாலோ பொறுக்கலாம். அப்போதும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடாமல் காலண்டரில் ஒரு தேதி போடுங்கள். அதிகபட்சம் ஆறு வாரம்.

விலகுவது

நீங்கள் மனதில் வைத்திருப்பதற்கு அவர் ‘என் வாழ்க்கையில அது கிடையாது’ என்று ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தால், அல்லது வீட்டை எதிர்த்து நிற்க உங்களாலேயே முடியாது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், அல்லது அவர் உங்களைத் தெருவில் கண்டால் தெரியாதவர் மாதிரி போகிறவராக இருந்தால், இதுதான் நேர்மையான வழி. நேரில் அல்லது போனில், ஒரே காரணத்தைச் சொல்லி, பத்து நிமிடத்தில் முடியுங்கள். சொல்லாமல் மறைந்துபோவது வேண்டாம். இத்தனை நாள் நம்மை நம்பிய உடலுக்கும் மனதுக்கும் ஒரு வாக்கியமாவது கடன் இருக்கிறது.

‘நண்பர்களா இருப்போம்’ என்பதை அன்றைக்கே சொல்லாதீர்கள். இரண்டு மாதம் தொடர்பே இல்லாமல் இருந்த பிறகு நட்பு முடியுமா என்று பார்க்கலாம். அந்தரங்கப் படங்கள் இருந்தால் இருவரும் ஒருவர் முன் ஒருவர் அழியுங்கள். கேலரியில் அழித்தால் போதாது, குப்பைத் தொட்டியிலும், கூகுள் போட்டோஸ் போன்ற பேக்கப்பிலும், வாட்ஸ்அப் உரையாடலிலும் இருக்கும். யாராவது மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930. எடுக்க அன்று சம்மதித்தது, பரப்பச் சம்மதித்தது ஆகாது என்பதைச் சட்டமும் ஏற்கிறது.

சொல்லிவிடுவது

எங்கள் பரிந்துரை இது. ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது.

இடமும் நேரமும் முதலில். படுக்கையில் வேண்டாம், உறவுக்குப் பின்னான அரைமணியில் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் வரும் ‘ஆமா’வும் நம்பத்தக்கது அல்ல, ‘இல்லை’யும் தாங்கத்தக்கது அல்ல. குடித்திருக்கும்போது வேண்டாம். வாட்ஸ்அப்பில் பத்தி பத்தியாக எழுதி அனுப்புவதும் வேண்டாம். அவர் அதை மீட்டிங்கில் உட்கார்ந்து படிப்பார், நீங்கள் ‘டைப்பிங்’ வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு செத்துப் பிழைப்பீர்கள். நடந்துகொண்டே பேசுவது நல்லது. பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை ஆறு மணிக்கு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்துக்கு நேரே பார்க்க வேண்டிய அவசியம் இல்லை; மௌனம் வந்தாலும் உறுத்தாது. அரைமணி நேரம் போதும். பேசி முடித்த பிறகு இருவரும் தனித்தனியாக வீடு திரும்பும்படி ஏற்பாடு இருக்கட்டும்.

சொல்ல வேண்டியது மூன்று: என்ன மாறியது, எனக்கு என்ன வேண்டும், பதில் எப்போது. இப்படி:

‘நாம ஆரம்பத்துல பேசின மாதிரி எனக்கு இப்ப இல்ல. உன்னை நிஜமாவே பிடிச்சிருக்கு. வேற யாரையும் பாக்காம, மூணு மாசம் ஒழுங்காப் பழகிப் பாப்போமான்னு கேக்கறேன். இப்பவே பதில் சொல்லவேணாம், அடுத்த ஞாயித்துக்கிழமை பேசலாம்.’

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். ‘நாம என்ன? நமக்குள்ள என்ன இருக்கு?’ என்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்வி கேட்பவரின் மனசை மறைத்துக்கொண்டு எதிராளியை முதலில் பேசவைக்கப் பார்க்கிறது. பதிலும் அதேபோல் மழுப்பலாகத்தான் வரும். ‘நீ இல்லாம என்னால முடியாது’ இல்லை. அது வேண்டுகோளாகக் கேட்காது, மிரட்டலாகக் கேட்கும். கல்யாணம் என்ற சொல்லும் இல்லை. மூன்று மாதத்துக்குச் சம்மதம் சொல்ல முடிகிற ஒருவர், முப்பது வருடத்தைக் கேட்டால் பின்வாங்குவார்.

கல்யாணப் பேச்சைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு, முக்கியமாக ஆண்களுக்கு. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி கொடுத்துப் பெண்ணோடு உறவு கொள்வது, 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மனப்பூர்வமாகச் சொல்லிப் பின்னர் சூழ்நிலையால் நிறைவேற்ற முடியாமல் போவதும், ஆரம்பத்திலேயே பொய்யாகச் சொல்வதும் வேறு வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்கின்றன. சட்டத்தை விட்டாலும், அந்த வார்த்தையை நம்பி ஒரு பெண் வரன்களைத் தட்டிக்கழித்துக்கொண்டிருப்பாள். அர்த்தம் இல்லாமல் சொல்லக் கூடாத வார்த்தை அது.

எங்கே கெட்டுப்போகிறது? அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்ததும், ‘சரி விடு, சும்மாத்தான் கேட்டேன்’ என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோமே, அங்கே. அதற்கு அப்புறம் இரண்டாம் முறை கேட்க ஆறு மாதம் ஆகும். தயக்கம் மறுப்பு அல்ல. அவருக்கு அது அந்த நிமிடம் கேட்ட செய்தி, நமக்கோ மூன்று வாரமாக ஒத்திகை பார்த்தது. ‘யோசிச்சுச் சொல்லு’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். அடுத்து, பதிலுக்குக் காத்திருக்கும் அந்த வாரத்தில் ஒன்றாக இரவைக் கழிக்காதீர்கள். தண்டனைக்காகச் சொல்லவில்லை. பழைய ஏற்பாடு அப்படியே தொடர்ந்தால், பதில் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு எழாது.

பதில்களைப் படிக்கவும் தெரிய வேண்டும். ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பயந்துட்டேன்’ என்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி வரும் பதில். ‘டைம் குடு’ என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். தேதி சொல்கிறவர் யோசிக்கிறார், சொல்லாதவர் தள்ளிப்போடுகிறார். ‘இப்பவே நல்லாத்தானே போகுது, பேர் எதுக்கு வைக்கணும்’ என்று வந்தால், அது இல்லை என்பதன் மென்மையான வடிவம். அதற்கு மேல் விளக்கம் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். மேலே சொன்ன விலகும் வழிக்குப் போங்கள்.

மூன்று மாதம் பகலில் பழகுவது

ஆமா என்று பதில் வந்தால், நேராக லிவ்-இன்னுக்கோ வீட்டில் சொல்வதற்கோ தாவிவிடுகிறவர்கள் அதிகம். அவசரப்படாதீர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் இரவில், அறைக்குள், குளித்து நல்ல சட்டை போட்ட நிலையில் மட்டுமே அறிந்திருக்கிறீர்கள். ஆட்டோக்காரரிடம் எப்படிப் பேசுவார், சம்பளம் 20-ஆம் தேதியே தீர்ந்தால் என்ன செய்வார், அம்மா போன் வந்தால் குரல் எப்படி மாறும் என்று தெரியாது. சாதாரணக் காதலர்கள் இதையெல்லாம் முதல் மாதங்களிலேயே பார்த்துவிடுவார்கள். இங்கே வரிசை தலைகீழ். விட்டுப்போன பாடத்தை இப்போது படிக்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வாரத்தை இதற்கு ஒதுக்கலாம். சந்திப்புகளில் பாதியாவது பகலில், வெளியே நடக்கட்டும். வாரத்தில் ஒரு சந்திப்பாவது படுக்கை இல்லாமல் முடியட்டும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நெருங்கிய நண்பர்களிடம் அறிமுகம் செய்துவையுங்கள். அறிமுகம் செய்யும்போது என்ன சொல்லி அறிமுகம் செய்கிறார் என்று காதைக் கொடுங்கள். ‘ஃபிரெண்ட்’ என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டால் அன்றிரவே பேச வேண்டிய விஷயம் அது. ஒரு தடவையாவது பஸ்ஸிலோ ரயிலிலோ இரண்டு நாள் பயணம் போய்வாருங்கள். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றால், ஹோட்டலில் அறை சொன்னபடி இல்லாவிட்டால், ஒரு மனிதர் எப்படி என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். ஒரு முழுச் சண்டையும் நடந்து முடியட்டும். சண்டையே போடாத ஜோடிக்கு சமாதானம் செய்துகொள்ளத் தெரியுமா என்று யாருக்கும் தெரியாது.

டேட்டிங் ஆப்பை எடுக்கும் விஷயத்தில் தேவையில்லாமல் பல உறவுகள் அடிபடுகின்றன. போனிலிருந்து ஆப்பை அழித்தால் கணக்கு அழியாது. ப்ரொஃபைல் அப்படியே இருக்கும், மற்றவர்களுக்குத் தெரியவும் தெரியலாம். உள்ளே செட்டிங்ஸுக்குப் போய்க் கணக்கையே நீக்க வேண்டும். பணம் கட்டிய சந்தா இருந்தால் அதை ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ தனியாக நிறுத்த வேண்டும். இது தெரியாமல், மூன்றாவது வாரத்தில் தோழி ஒருத்தி ‘உன் ஆள் இன்னும் இங்கதான் இருக்கான்’ என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்ப, குற்றமே இல்லாத இடத்தில் நம்பிக்கை உடையும். இருவரும் உட்கார்ந்து ஒன்றாக நீக்குங்கள்.

ஆணுறையைக் கைவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான் பேச்சில் வரும். ‘இனிமே நாம ரெண்டு பேர்தானே’ என்ற அன்பில் அன்றைக்கே விட்டுவிடுகிறார்கள். கிருமிக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. கடைசியாக வேறொருவரோடு உறவு இருந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எச்ஐவிக்கு ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாளில் நம்பகமான பதிலைத் தரும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கும், சிஃபிலிஸுக்கும் 90 நாள் வரை பொறுப்பது பாதுகாப்பு. கொனோரியா, கிளமிடியா இரண்டும் இரண்டு வாரத்தில் தெரியும், ஆனால் அறிகுறியே இல்லாமல் இருக்கக்கூடியவை என்பதால் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். கல்லீரல் அழற்சி பி-யையும் (ஹெபடைடிஸ் பி) சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடாதவர்கள் 0, 1, 6 மாத இடைவெளியில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், விவரம் வெளியே போகாது. தகவலுக்கு 1097. இருவரும் ஒரே நாளில் போய், முடிவை ஒன்றாகப் பாருங்கள். மூன்று மாதம் என்று சொன்னதற்கு இந்த 90 நாளும் ஒரு காரணம்.

கருத்தடை தனிக் கணக்கு. மாத்திரையை மாதவிலக்கின் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்காவிட்டால், முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். ஒற்றைத் தலைவலி, புகைப் பழக்கம், ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். தமிழ்நாட்டில் பல கடைகளில் கேட்டால் இல்லை என்றே சொல்வார்கள் என்பதால் அதை நம்பி ஒரு திட்டம் போடாதீர்கள். கரு உண்டாகிவிட்டால், மணமாகாத பெண்ணுக்கும் சட்டப்படியான கருக்கலைப்பு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கியிருக்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பதினெட்டு வயதான பெண்ணுக்கு வேறு யார் கையெழுத்தும் தேவையில்லை.

மாதம் ஒருமுறை கடினமான விஷயம் ஒன்றைப் பேசிவிடுங்கள். முதல் மாதம் பணம்: கல்விக் கடன், வீட்டுக்கு அனுப்பும் தொகை, கிரெடிட் கார்டு பாக்கி. இரண்டாம் மாதம் வீடு: வயதான பெற்றோரை யார் பார்ப்பது, சாதியும் மதமும் என்றால் அவர்கள் வீட்டில் எது வரை போகும், அதற்கு இவர் எது வரை நிற்பார். மூன்றாம் மாதம் குழந்தை, ஊர், வேலை. எல்லாவற்றையும் ஒரே இரவில் கேட்டால் நேர்காணல் போல் ஆகிவிடும்.

சேர்ந்து குடியேறுவது

வாடகை மிச்சம், தினமும் பார்க்கலாம், யார் அறைக்கு யார் வருவது என்ற தொல்லை இல்லை. அதனால்தான் ஆபத்து. ஸ்காட் ஸ்டான்லி, கலினா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரையில், முடிவெடுத்துச் சேர்வதற்கும் சறுக்கிக்கொண்டே போய்ச் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் வந்த பிறகு வாடகை, கட்டில், பூனை எல்லாம் சேர்ந்து விலகுவதைக் கடினமாக்கும். அந்த இழுவையிலேயே, சரியில்லாத ஜோடியும் கல்யாணம் வரை போய்விடும். சும்மா தொடங்கிய உறவுக்குச் சறுக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ‘உன் ரூம் அக்ரிமென்ட் முடியுதுல்ல, இங்கயே வந்துடேன்’ என்பது முடிவு அல்ல. பன்னிரண்டு வாரம் முடிந்து, ‘ஏன் சேர்ந்து இருக்கப் போகிறோம்’ என்பதற்கு இருவரும் ஒரே பதிலைச் சொல்ல முடிந்த பிறகு இது நல்ல வழி.

அப்படிப் போனால் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். ஒரே பெயரில் இருந்தால், சண்டை வந்த இரவில் மற்றவருக்குப் போக இடமில்லை. வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அதற்கு மேல் கேட்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை யுபிஐ மூலமே அனுப்பிப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கணவன் மனைவி என்று பொய் சொல்லி நுழைந்தால், ஊரிலிருந்து யாராவது வரும் நாள் வரை பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. ஆனால் பாதுகாப்பு தானாக வந்துவிடுவதில்லை. கோவையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க, திருமணம் போன்ற உறவாக அது இருக்க வேண்டும் என்றது: மணம் செய்யத் தகுதியுள்ள வயதும் நிலையும், ஊருக்குத் துணைவர்களாகவே தெரிந்து, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருப்பது. வார இறுதிகளை ஒன்றாகக் கழித்ததோ ஓரிரவு உறவோ போதாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. களவிலேயே காலம் கழிப்பவருக்குச் சட்டம் தரும் பதில் இது.

வீடும் பதிவும்

கல்யாணம் என்று முடிவானால், இருவரும் வேறு வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து, அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, 30 நாள் கழிந்த பிறகே திருமணம். மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அந்த 30 நாள்தான் சோதனை, ஏனென்றால் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிக்கலாம். இருவரும் இந்துக்கள் என்றால், சாதி எதுவாக இருந்தாலும், தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரே பாலின ஜோடிக்குத் திருமணப் பதிவு இன்னும் இந்தியாவில் இல்லை. அவர்கள் நாமினி, உயில், மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரம் என்று தனித்தனியாக எழுதிவைப்பதே வழி.

உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் துளி இருந்தாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் பதிவுக்குப் போகும் வரிசையை மாற்றுங்கள். கலப்புத் திருமண ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது; காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி, நகலை நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181.

அந்த ஆபத்து இல்லாத வீடு என்றால், இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சொல்லுங்கள். முதலில் அக்காவோ சித்தப்பாவோ, வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவரிடம். எல்லா வீட்டிலும் முதல் ஐந்து கேள்விக்குள் வருவது ‘எப்படிப் பழக்கம்?’ என்பது. இதற்குப் பொதுவான நண்பர், அலுவலகப் பயிற்சி வகுப்பு என்று கதை கட்டினால், கல்யாண வீட்டில் அந்த இல்லாத நண்பரைத் தேடுவார்கள். ‘ஆன்லைன்ல அறிமுகம், ஒரு வருஷமாத் தெரியும், ஆறு மாசமா இதைப் பத்தி யோசிச்சுத்தான் சொல்றோம்.’ உண்மையான கணக்கைப் போட்டு இந்த வாக்கியத்தை இருவரும் ஒரே மாதிரி சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. மீதியைச் சொல்ல வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை.